பின் சீட்டில் ஆளில்லை

மார்ச் 3

கண்டக்டரம்மாவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் நலம். முன்னறைச் சுவரில் தொங்கும், நாம் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து மிதிக்கும் ரெட்டை சைக்கிளும் நலம். போன ஞாயிற்றுக்கிழமை அதை இறக்கித் துடைத்தேன். ஒற்றை ஆள் இறக்கி ஏற்றுவதற்கு அது என்ன சாதாரண சைக்கிளா? கட்டில் நீளம். முன் சீட்டைத் தூக்கினால் பின் சீட் தரையில் இழுக்கிறது. பின் சக்கரம் இடித்துச் சுவரில் கறுப்பாக ஒரு கோடு விழுந்துவிட்டது. நீ இருந்திருந்தால் அதற்கு ஒரு வாரம் பாட்டு வாங்கியிருப்பேன்.

விஷயத்துக்கு வருகிறேன். கோடை சைக்கிள் பயணத்துக்குப் பதிவு ஆரம்பித்துவிட்டார்கள். இந்த ஜூனிலும் கடற்கரையில் கிளம்பி ஏரிக்கரை வரை, ஒரு வாரம். கூடாரம், சாப்பாடு, மூட்டை தூக்கும் லாரி, முடியாதவர்களை அள்ளிப்போடும் வேன், எல்லாம் வழக்கம்போல. ஆயிரக்கணக்கில் வருவார்களாம். ரெட்டை சைக்கிளுக்கு இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். பதிவுத் தாளில் என் கையெழுத்தைப் போட்டு இதோடு அனுப்பியிருக்கிறேன். உன்னுடையதைப் போட்டுத் திருப்பி அனுப்பு.

போன வருடம் நடந்த சின்ன விஷயத்தை இன்னும் மனசில் வைத்துக்கொண்டிருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். போன் அடித்தால் எடுப்பதில்லை. அதனால்தான் பேனாவைப் பிடித்திருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டர் எழுதியதற்குப் பிறகு இதுதான்.

வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. நேற்று ஒரு துணிக்கடை லிஃப்டில் ஒரு வயதான அம்மா மாட்டிக்கொண்டார். எங்கள் கம்பெனி விதிதான் உனக்குத் தெரியுமே, கதவு திறக்கும்வரை உள்ளே இருப்பவரிடம் பேச்சை நிறுத்தக் கூடாது. நானும் விடாமல் பேசினேன். வெளியே வந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, உன்னைக் கட்டினவ எப்படிப்பா சமாளிக்கிறா?" என்றார். கூட நின்ற பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

பதில் போடு.

டிரைவர்

*

மார்ச் 14

உங்கள் கடிதம் வந்தது.

போனை ஏன் எடுப்பதில்லை என்று சொல்கிறேன். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் 'ம்' கொட்டுவேன். காகிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே வர முடியாது. இந்தச் சுகத்தை இத்தனை வருடம் தெரியாமல் இருந்துவிட்டேன்.

'சின்ன விஷயம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சின்ன விஷயத்தை நான் இருந்த இடத்திலிருந்து சொல்கிறேன், கேளுங்கள்.

மலை உச்சியில் தண்ணீர் கொடுக்கும் இடம். சைக்கிளை நீங்கள் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். உங்கள் பாட்டிலையும் என் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு நான் வரிசைக்குப் போனேன். இரண்டையும் நிரப்பிக்கொண்டு திரும்பினால் சைக்கிள் நகர்கிறது. முன் சீட்டில் நீங்கள். பின் சீட்டில் ஆளில்லை. காலியான பெடல் இரண்டும் தாமாகச் சுற்றிக்கொண்டு போகின்றன. நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இறக்கத்தில் இறங்கி, வளைவில் மறைந்து போய்விட்டீர்கள். கட்டிய பெண்டாட்டி பின்னால் இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமல் ஒரு மனிதன் மலையே இறங்கிப் போகிறான். அங்கே இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். சந்தி சிரித்தது என்பார்களே, அன்று எனக்கு அது நடந்தது.

பத்துப் பதினோரு கோடை உங்கள் முதுகைப் பார்த்தே கடல், மலை, ஏரி எல்லாவற்றையும் கடந்திருக்கிறேன். எதிரே என்ன வருகிறது என்று எனக்குத் தெரியாது. உங்கள் சட்டைக் காலரின் உள்பக்கம் எத்தனை முறை துவைத்தால் நூல் பிரியும் என்று தெரியும். நீங்கள் சொல்வது காற்றில் பின்னால் வந்து என் காதில் விழும். நான் சொல்வது உங்களுக்கு வராது. அதற்குத்தானே அந்த விசிலே வந்தது. ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போகலாம். என் கழுத்தில் விசிலைப் போட்டுவிட்டு எனக்குக் கண்டக்டர் என்று பெயரும் வைத்தீர்கள். நன்றாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை.

இங்கே என் வேலை நன்றாகப் போகிறது. ஆஸ்பத்திரியின் காது சோதனைப் பிரிவு முழுவதும் இப்போது என் பொறுப்பு. கண்ணாடி அறைக்குள் ஆளை உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்ல வேண்டும். மெல்லிய சத்தத்துக்கெல்லாம் மனிதர்கள் எவ்வளவு ஆசையாகக் காத்திருக்கிறார்கள் தெரியுமா? உங்களுக்கு அந்தச் சோதனை வேண்டாம். உங்களுக்குக் கேட்கும். காதில் போட்டுக்கொள்ளத்தான் மாட்டீர்கள்.

பதிவுத் தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போடவில்லை.

*

மார்ச் 22

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது, இரண்டாம் முறையும் கோபம்தான் வந்தது. ஆகையால் கோபமாகவே எழுதுகிறேன்.

நான் வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போனேனா? அன்று காலையிலிருந்தே நீ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாய். இந்த வேலைக்கு நீ போவதைப் பற்றி முந்தின நாள் கேட்டாய். நான் "போய்ட்டு வந்து பேசிக்கலாம்" என்றேன். அவ்வளவுதான், அதற்குப் பிறகு பேச்சும் இல்லை, விசிலும் இல்லை. சும்மா ஏறி உட்காருவாய், நான் கிளம்புவேன். அன்று முழுக்க அப்படித்தான் ஓடியது. உச்சியில் ஒரே நெரிசல். "நிக்காதீங்க, நகருங்க, நகருங்க" என்று தொண்டர்கள் விரட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னால் யாரோ இடித்து வண்டி அசைந்தது. நீ ஏறிவிட்டாய் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஒரே இறக்கம். இறக்கத்தில் கனம் தெரியுமா?

சரி, தப்பு என்னுடையதுதான். ஆனால் ஒன்று கேட்கிறேன். விசில் உன் கழுத்தில்தானே இருந்தது?

இதைக் கேட்கவே கூடாது என்று இருந்தேன். நீயே கேட்க வைத்துவிட்டாய். அங்கே தண்ணீர் ஊற்றும் ரிட்டையர்டு வாத்தியார், நாமெல்லாம் 'தண்ணி சார்' என்று கூப்பிடுவோமே, அந்த நல்ல மனிதர் அன்று சாயங்காலமே என்னிடம் சொல்லிவிட்டார். "நாங்க கத்தப் போனோம் தம்பி. உங்க வீட்டம்மாதான் வாயில விரல வெச்சு, கத்தாதீங்கன்னு சொல்லிட்டாங்க" என்றார்.

ஊதியிருந்தால் நான் வளைவுக்கு முன்னாலேயே நின்றிருப்பேன். நீ ஊதவில்லை. மற்றவர்கள் வாயையும் அடைத்திருக்கிறாய். எல்லாம் தெரிந்தும் ஒரு வருடமாக வாயைத் திறக்காமல் இருக்கிறேன். நீ பெட்டியைக் கட்டியபோதும் சொல்லிக் காட்டவில்லை. அதற்காகவாவது எனக்கு ஒரு மார்க் போடு.

*

ஏப்ரல் 5

தண்ணி சார் சொன்னது உண்மை.

அவர் கத்த வாயெடுத்தார். இன்னும் இரண்டு பேர் ஓடிப் பிடிக்கத் தயாரானார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். எங்கே தெரிந்துகொள்கிறீர்கள் என்று பார்க்கத்தான். எனக்குப் பதில் சொல்லாமல் ஒரு நாள் முழுக்க ஓட்டினீர்களே, நான் இருப்பதற்கும் இல்லாததற்கும் உங்களுக்கு ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா என்று பார்த்தேன்.

முதல் வளைவிலேயே நின்றுவிடுவீர்கள் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. நின்று திரும்பி அசடு வழியச் சிரிப்பீர்கள், நானும் சிரித்துவிட்டு ஏறிக்கொள்வேன், அத்தோடு காலையில் வந்த கோபமும் போய்விடும் என்று கணக்குப் போட்டேன். நீங்கள் வளைவைத் தாண்டினீர்கள். மரங்களுக்கு நடுவே அடுத்த திருப்பத்தில் உங்கள் மஞ்சள் ஹெல்மெட் தெரிந்தது. அதற்கும் கீழே ஒருமுறை தெரிந்தது. பிறகு தெரியவில்லை. விசில் வாயருகில்தான் இருந்தது. அதற்கு மேல் ஊதினாலும் கேட்காது.

தண்ணி சார் ஒரு நாற்காலி போட்டு, "உக்காருங்கம்மா, வந்துடுவாரு" என்றார். உங்களுக்காக அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

ஒரே ஒரு தடவை ஊதியிருக்கலாம். இந்த ஊருக்கு வந்த பிறகு, இந்த மாடி அறையில் தனியாகத் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது எத்தனையோ முறை அதை நினைத்திருக்கிறேன். ஊதாமல் விட்டது என் வீராப்பு. உங்களைத் திட்டுவதற்கு நடுவே இதையும் எழுதிவிடுகிறேன்.

இன்னொன்று. நீங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தபோது குரல் கட்டிப் போயிருந்தது. ஏற்றம் ஏறினால் மூச்சு வாங்கும், தொண்டை கட்டாது. எனக்கு அது அப்போதே வித்தியாசமாகப் பட்டது. வழியெல்லாம் பேசிக்கொண்டா போனீர்கள்? என்ன பேசினீர்கள்?

*

ஏப்ரல் 13

கேட்டுவிட்டாய். சொல்கிறேன். சிரித்தால் சிரித்துக்கொள்.

ஆமாம், பேசிக்கொண்டேதான் போனேன். கிளம்பியதும் வண்டி பஞ்சு மாதிரி ஓடியது. "இன்னைக்கு நல்லா மிதிக்கிறியே!" என்று உன்னைப் பாராட்டினேன். இத்தனை வருடத்தில் நீ சரியாக மிதிப்பதில்லை என்று குறை சொல்லாத நாள் உண்டா? ஆளே இல்லாத சீட்டுக்குப் போய்ப் பாராட்டுப் பத்திரம் வாசித்திருக்கிறேன்.

நீ பதில் சொல்லவில்லை. இன்னும் கோபம் தீரவில்லை என்று நினைத்தேன். அப்புறம் எனக்கே மனசு கேட்கவில்லை. முந்தின நாள் ராத்திரி கூடாரத்தில் உன் பக்கத்தில் படுத்தபடி யோசித்ததை எல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். உனக்கு முகம் கொடுத்துப் பேசுவது எனக்கு வராது. சைக்கிளில் முதுகைக் காட்டிக்கொண்டு பேசுவது சுலபம். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பேசுகிற பழக்கம்தான்.

என்ன சொன்னேன் என்றால், "அந்த வேலைய விட்டுடாத. போ. நீ கேட்டப்பவே சரின்னு சொல்லியிருக்கணும். எனக்குப் பயம், அதான் இழுத்தடிச்சேன். நானும் மாற்றல் கேக்குறேன். லிஃப்ட் இல்லாத ஊரா இருக்கு? ரெண்டு பேரும் போலாம்" என்றேன். இப்படி எழுதும்போது நான்கு வரிதான் வருகிறது. அன்று நான்கு வளைவு நீளத்துக்குப் பேசினேன். உன்னோடு வாழ்ந்ததில் நான் பேசிய நல்ல பேச்சு அதுதான். அப்படியே காற்றோடு போய்விட்டது.

நடுவில் ஒருவன் என்னைத் தாண்டிப் போகும்போது பின் சீட்டைக் காட்டி ஏதோ கத்தினான். வாழ்த்துச் சொல்கிறான் போலிருக்கிறது என்று நானும் கையை ஆட்டினேன்.

கீழே பாலத்துக்கிட்டேதான் தெரிந்தது. பேசிப் பேசித் தொண்டை காய்ந்து, எப்போதும்போலத் தண்ணீருக்குக் கையைப் பின்னால் நீட்டினேன். நான் கேட்க வேண்டியதே இல்லை, நீட்டினால் பாட்டில் கைக்கு வந்துவிடும். நீட்டிய கை அப்படியே இருந்தது. "கொடேன், இன்னும் என்ன கோவம்" என்று திரும்பினேன்.

பின் சீட்டில் ஆளில்லை. வண்டியைத் திருப்பி மேலே தள்ள ஆரம்பித்தேன்.

மேலே வரும் வழியெல்லாம் ஒரே நினைப்புதான். போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக இதையெல்லாம் உன் முகத்தைப் பார்த்துத் திரும்பச் சொல்லிவிட வேண்டும். வந்து பார்த்தால் நீ நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாய். சுற்றி நின்று பத்துப் பேர் இளிக்கிறார்கள். எனக்கு மூக்கு உடைந்த மாதிரி ஆகிவிட்டது. வாயில் வந்தது என்ன? "ஏன், உனக்கு வாய் இல்லையா?" நீ எழுந்து போய் வேனில் ஏறிக்கொண்டாய்.

சாயங்காலம் சொல்லலாம் என்றிருந்தேன். அதற்குள் தண்ணி சார் வந்து விரல் கதையைச் சொல்லிவிட்டார். எனக்கும் வீராப்பு வந்துவிட்டது. உன்னிடம் மட்டும்தான் அது இருக்குமா?

இப்போது கேட்கிறேன். இந்த வருடம் நீ முன்னால் உட்கார். ஹேண்டிலை நீ பிடி. நான் பின்னால் உட்கார்ந்து உன் முதுகைப் பார்த்துக்கொண்டு வருகிறேன். விசிலும் நீயே வைத்துக்கொள், எனக்கு வேண்டாம். மாற்றலுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பதிவுத் தாளை மறுபடி வைத்திருக்கிறேன்.

*

ஏப்ரல் 28

உங்கள் கடிதத்தை வேலைக்குப் போகும் வழியில் பிரித்தேன். பாதியில் ஒரு கடை வாசலில் நின்று மீதியைப் படித்தேன். அன்று சோதனைக்கு வந்தவர் பட்டனை அழுத்தி அழுத்தி ஓய்ந்துபோய், "மேடம், கேட்குது, கேட்குதுன்னு சொல்றேனே!" என்றார். அவர் சொன்னதை நான் குறிக்கவே இல்லை.

எனக்கு உங்கள் மேல் கோபமே வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேலே வந்து நின்றபோது அதில் ஒரு வரி, 'எனக்குப் பயம்' என்கிற அந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால்கூட வேனில் ஏறியிருக்க மாட்டேன். அத்தனை பேர் சிரித்தாலும் உங்கள் பின்னால் ஏறி உட்கார்ந்திருப்பேன். நான் கேட்கக் காத்திருந்தது அதுதான். அது எனக்குக் கிடைக்க இத்தனை மாதமும் ஒரு தபால் தலையும் ஆகியிருக்கிறது.

முன் சீட் கொடுக்கிறேன் என்கிறீர்கள். ஆனால் உங்களுக்குத் தெரியாத ஒன்று நடந்துவிட்டது. ஜனவரியில் ஒரு பழைய ஒற்றை சைக்கிள் வாங்கினேன். இத்தனை கோடை மிதித்தவளுக்கு ஹேண்டிலைத் திருப்பத் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கார் நிறுத்தும் இடத்தில் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டேன். முழங்காலில் தோல் போய்விட்டது. முதன்முதலாகச் சாலையில் ஓட்டிய அன்று எதிரே வருவதெல்லாம் தெரிந்தது. முன்னால் இருப்பவருக்கு இவ்வளவு பயம் இருக்கும் என்று பின்னால் இருந்தவளுக்குத் தெரியாமல் போயிற்று. அதற்காக உங்களிடம் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

பயணத்துக்குத் தனி ஆளாகப் பதிந்துவிட்டேன், உங்கள் முதல் கடிதம் வந்த மறுநாளே, கோபத்தில். இப்போது கோபம் இல்லை. ஆனாலும் இந்த வருடம் ஒருமுறை தனியாகவே போகிறேன். முன்னாலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம்.

விசிலை இதோடு அனுப்பியிருக்கிறேன். தனியாகப் போகும்போது யாருக்கு ஊதுவது? அது உங்களிடம் இருக்கட்டும்.

*

மே 11

விசில் வந்து சேர்ந்தது. கயிறு அழுக்காக இருந்தது. மாற்றவில்லை.

மாற்றல் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். உன் ஊரில் ஓர் இடம் காலியாக இருந்ததாம், போன ஜூலையில். கேட்க ஆள் இல்லாமல் புதிதாக ஒருவனைப் போட்டுவிட்டார்களாம். "அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார் மேனேஜர். 'நான் சொன்னேன் சார், ஆளில்லாத சீட்டிடம் சொல்லிவிட்டேன்' என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

இந்த வருடம் நான் ஓட்டவில்லை. மலை உச்சியில் தண்ணி சாருக்கு முழங்கால் வலியாம். உதவிக்கு ஆள் கேட்டிருந்தார்கள், பெயர் கொடுத்துவிட்டேன். உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன். வரிசையில் வந்தால் தண்ணீர் ஊற்றுவேன், அவ்வளவுதான். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அங்கே என்னைப் பார்த்துத் திடுக்கிடாதே.

*

ஜூன் 25

வீட்டுக்கு வந்துவிட்டேன். நீயும் ஏரிக்கரையைத் தொட்டிருப்பாய். தொட்டவர்களின் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசிப்பார்களே, உன் பெயர் தனியாக எப்படி ஒலித்தது என்று கேட்க ஆசையாக இருந்தது.

நீ மலை உச்சிக்கு வந்த அன்று, காலையிலிருந்து தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கை மரத்துப் போயிருந்தது. ஒரு பாட்டில் நீண்டது. விரலைப் பார்த்தேன், உன் விரல். நிமிர்ந்தேன். முகமெல்லாம் வெயில், நெற்றியில் உப்பு. ஏற்றம் முழுக்க இறங்காமல் மிதித்து வந்திருக்கிறாய் என்று மூச்சிலேயே தெரிந்தது. "பாதி போதும்" என்றாய். எத்தனையோ பேச வேண்டும் என்று ஒரு மாதமாக ஒத்திகை பார்த்தவன் நான். "இறக்கத்துல முன் பிரேக்க மட்டும் அழுத்தாத" என்றேன். "சரிங்க" என்றாய். பின்னால் ஒருவர் "சார், சீக்கிரம் சார்" என்றார். நீ போய்விட்டாய்.

தண்ணி சார் என் கையிலிருந்து குடத்தை வாங்கிக்கொண்டு, "போங்க தம்பி, போய் நின்னு பாருங்க" என்றார். போய் நின்றேன். விசில் சட்டைக்குள் இருந்தது. எடுத்து வாயில் வைத்தேன். ஒன்று ஊதினால் நிற்பாய், எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நீ எவ்வளவு அழகாக ஓட்டினாய் தெரியுமா? முதுகு நேராக, தோள் இறுகாமல். உன் முதுகை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். தனியாகப் போக வேண்டும் என்று கேட்டவளை நடுவழியில் நிறுத்த எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தோன்றியது. விசிலை உள்ளே போட்டுக்கொண்டேன்.

நீ திரும்பிப் பார்க்கவில்லை. வளைவில் மறைந்தாய். போன வருடம் நீ நின்ற இடத்தில் நின்று நீ பார்த்ததைப் பார்த்தேன். உன்னிடம் அதை 'சின்ன விஷயம்' என்று எழுதினேனே.

ஒருமுறையாவது உன் வழியில் குறுக்கே வராமல் இருந்தேன். அதையாவது சரியாகச் செய்தேன் என்று நினைத்துக்கொள்கிறேன்.

*

ஜூலை 4

உங்கள் கழுத்தில் கயிறு தெரிந்தது. சட்டைக்கு உள்ளே விட்டிருந்தாலும் பின்கழுத்தில் அந்த அழுக்குக் கயிறு தெரிந்தது. வரிசையில் நிற்கும்போதே பார்த்துவிட்டேன்.

பாதித் தண்ணீர் ஏன் கேட்டேன் என்று நீங்கள் யோசிக்கவில்லை. ஏறி வந்தவள், தொண்டை காய்ந்து கிடப்பவள், பாதி போதும் என்று ஏன் சொல்ல வேண்டும்? கீழே போய்த் தீர்ந்துவிட்டது என்று திரும்பி வர ஒரு சாக்கு வேண்டாமா? இப்படியெல்லாம் யோசித்துச் செய்பவள், "தனியாப் போக வேண்டாம்னு தோணுது, வாங்க" என்று வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பின்னால் வரிசை நின்றது, நீங்கள் பிரேக்கைப் பற்றிப் பேசினீர்கள், நான் சரிங்க என்றேன்.

வளைவு தாண்டியதும் நின்றுவிட்டேன்.

சைக்கிளைச் சாலையோரம் மதிலில் சாய்த்துவிட்டு இறங்கி நின்றேன். போகிறவர்கள் எல்லாம், "பஞ்சராம்மா?" "உதவி வேணுமா?" என்று கேட்டுக்கொண்டு போனார்கள். ஒன்றுமில்லை என்றேன். ஒரு விசிலுக்காக நின்றேன். கேட்டிருந்தால் சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு மேலே நடந்தே வந்திருப்பேன். இதுதானே என் தொழில், மெல்லிய சத்தத்துக்குக் காத்திருப்பது? மேலே கூட்டத்தின் இரைச்சல் கேட்டது, "நகருங்க, நகருங்க" என்று யாரோ விரட்டுவது கேட்டது. அதற்கு நடுவே நீங்கள் ஊதினால் எனக்கு நிச்சயம் பிரிந்து கேட்டிருக்கும்.

பாதித் தண்ணீரையும் அங்கேயே நின்று குடித்து முடித்தேன். திரும்பி வரச் சாக்கு கையில் இருந்தது. கால் வரவில்லை. ஊதாதது உங்கள் முடிவு என்று நினைத்தேன். நீங்கள் என்னை வழியனுப்பிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். உரிமை இல்லை என்று நீங்கள் வாயை மூடிக்கொண்டு மேலே நின்றது உங்கள் கடிதம் வந்த பிறகுதானே எனக்குத் தெரிகிறது! ஒரு வளைவுக்கு அந்தப் பக்கம் நீங்களும் இந்தப் பக்கம் நானும். நம்மை என்னதான் செய்வது?

ஏரிக்கரையில் என் பெயரை வாசித்தார்கள். தப்பாக வாசித்தார்கள். கேட்டால் நீங்கள் ஒரு வாரம் சிரித்திருப்பீர்கள், அதைச் சொல்ல நான் திரும்பியபோது பக்கத்தில் வேறு யாரோ நின்றார்கள்.

அடுத்த கோடைக்கு என்ன என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. ரெட்டை சைக்கிளைச் சுவரிலிருந்து இறக்க வேண்டாம், விற்கவும் வேண்டாம். விசிலின் கயிற்றைத் துவைத்துப் போடுங்கள், கழுத்தில் அரிக்கும்.

அன்று அந்த இறக்கத்தில் நான் மிதிக்கவே இல்லை. முன் பிரேக்கை மட்டும் அழுத்தவும் இல்லை. பாலம் வரும்வரை உங்களிடம் பேசிக்கொண்டே போனேன், பின்னால் நீங்கள் இல்லை என்று தெரிந்தேதான்.